“அம்மா ஒன்றும் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கிறேன். எங்கள் புதிய வீட்டின் விறாந்தையில், கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய பெரிய மாதா சுரூபத்தை வைத்துள்ளோம். அம்மாவின் பழைய சுரூபம் ஒரு கை உடைந்து, நிறமும் போய்விட்டது. 2009இல் தர்மபுரம், விசுவமடு, மாத்தளன் என்று இடம்பெயர்ந்த வழியெல்லாம் அதைச் சோற்றுப் பானைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர். அம்மா நித்திரையான பின் அதை எடுத்து, உரப்பையில் சுற்றி, கொட்டில் பரணில் வைத்தேன். பத்து நாளாகிறது, அம்மா ஒன்றும் கேட்கவில்லை. குருவானவர் மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடக்கூடாது என்கிறார்கள். கடலில் விடலாமா, புதைக்கலாமா?

பதில்: மந்திரித்த பொருள் வழிபாட்டுக்கு உதவாத அளவுக்குச் சிதைந்துவிட்டால், எரியக்கூடியதை எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்ப்பதும், எரியாததைக் கால் படாத சுத்தமான நிலத்தில் புதைப்பதும் வழக்கம். சென்ற ஆண்டின் குருத்தோலையை எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறார்கள். ஆனால் இந்த விடை உங்கள் அம்மாவின் சுரூபத்துக்குப் பொருந்தாது. பத்து நாட்களுக்கு முன்பு வரை ஒருவர் அதன் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

“அம்மா ஒன்றும் கேட்கவில்லை.” அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மாமி ஒன்றும் கேட்கவில்லை என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைச் சம்மதம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் அம்மா விடியற்காலையில் எழுந்து, வழமையாகக் கை நீளும் இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டிருப்பார்; விறாந்தையில் நிற்கும் புதிய சுரூபத்தைப் பார்த்திருப்பார்; எடுத்தது யார் என்பதும் அவருக்கு விளங்கியிருக்கும். இது பிள்ளையின் வீடு, இங்கே கேள்வி கேட்கும் உரிமை தனக்கில்லை என்று எண்ணித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பெற்ற தாயை இப்படி எண்ண வைத்தது பெரிய பிழை. சுரூபத்தை என்ன செய்வது என்ற கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் போர் மாதங்களில், பங்கரின் மண்சுவரில் சிறிய மாடம் வெட்டி அதற்குள் சுரூபத்தை வைத்திருந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். செல் விழுந்து மண் உதிரும்போது ஒரு கையால் பிள்ளையின் தலையையும் மறு கையால் அந்த மாடத்தையும் மூடினார்கள். அரிசிக்கே வழியில்லாத நாட்களில் சோற்றுப் பானைக்குள் மாதாவுக்கு இடம் கொடுத்தவர் உங்கள் அம்மா. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில் மடு மாதாவின் சுரூபத்தை மாந்தையிலிருந்து காட்டுக்குள் சுமந்து வந்தவர்களும், 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன குருக்களும் செய்த வேலையைத்தான், ஒருவரும் பார்க்காத இடத்தில், அவரும் செய்தார்.

மந்திரித்த பொருள் தனியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அதை மரியாதையோடு நடத்த வேண்டும், தகாத பயன்பாட்டுக்கு விடக்கூடாது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1171ஆம் பிரிவில் சொல்கிறது. குப்பையில் போடப் பயந்த உங்களுக்கு உரப்பையில் சுற்றும்போது கை கூசவில்லையா? சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று 787ஆம் ஆண்டிலேயே ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் தெளிவாக்கிவிட்டது. அந்த வணக்கத்துக்கு நிறம் போனதும் கை உடைந்ததும் ஒரு தடையாகாது.

இன்றே, பகலில், அம்மா விழித்திருக்கும்போது அதை எடுத்து வாருங்கள். துடைத்து அவர் கையில் கொடுத்து, “நான்தான் எடுத்தேன், அம்மா” என்று சொல்லுங்கள். எங்கே வைப்பதென்று அவரே சொல்லட்டும். விறாந்தையின் நடுவில் என்றால் நடுவில்தான். அண்ணாவுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள், அம்மாவைச் சொல்ல விடாதீர்கள். மாலைச் செபத்தை அந்தச் சுரூபத்தின் முன் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். முடிந்ததும், அந்தக் கை எந்த இடத்தில் வைத்து உடைந்தது என்று அவரிடம் கேளுங்கள். போன ஊர்களையெல்லாம் வரிசையாக எழுதிய உங்கள் கடிதத்தில் அது இல்லை.