ரிப்பன் கீழே விழுந்தால் தங்கம் போய்விடுமா?

பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிந்ததிலிருந்தே, பாட்டுக்கு ஏற்பக் கருவிகளைச் சுழற்றியும் வீசியும் ஆடும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி வாசகர்கள் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு இது. ஆகவே இந்த இதழ் பதில்கள் முழுக்க அதற்கே.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இஸ்ரேல் வீராங்கனை ரிப்பனைக் கீழே போட்டார். ஆனாலும் தங்கம் அவருக்குத்தான். ரஷ்யப் பெண்ணுக்கு இழைத்த அநியாயம் இல்லையா இது? — வாசகர், திருச்சி

அநியாயம் இல்லை என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த இறுதிச் சுற்று நடந்தது 2021 ஆகஸ்ட் 7. நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற அதே நாள். அதனாலேயே நம் ஊரில் பலர் கண்ணில் இது படவில்லை. தனிநபர் போட்டியில் ஒவ்வொருவரும் நான்கு முறை ஆட வேண்டும்: வளையம், பந்து, கிளப் (இரண்டு சிறு கட்டைகள்), ரிப்பன். நான்கு மதிப்பெண்களையும் கூட்டித்தான் பதக்கம். முதல் மூன்று கருவிகள் முடிந்தபோது இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் 84.500, ரஷ்யாவின் தினா அவெரினா 83.650. அதாவது ரிப்பனுக்கு வருவதற்கு முன்பே லினோய் 0.85 முன்னால் இருந்தார். ரிப்பன் கீழே விழுந்தது, அவருக்கு 23.300தான் கிடைத்தது. தினாவுக்கு 24.000. கூட்டிப் பாருங்கள்: 107.800, 107.650. வித்தியாசம் 0.15.

கருவி விழுந்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. நின்ற இடத்திலேயே குனிந்து எடுத்தால் 0.50. ஒன்றிரண்டு அடி எடுத்து வைத்தால் 0.70. மூன்று அடியோ அதற்கு மேலோ போனாலும், கருவி களத்தை விட்டு வெளியே போனாலும் 1.00. இதோடு முடியாது. அந்தக் கருவியைப் பிடிப்பதை நம்பி ஒரு கடினமான அசைவு எழுதப்பட்டிருக்குமே, அதற்கான மதிப்பும் போய்விடும். இவ்வளவும் கழித்த பிறகும் லினோய் மிச்சம் வைத்திருந்தார் என்றால், மற்ற மூன்றிலும் அவர் எடுத்துக்கொண்ட கடினம் அப்படி. விழாமல் ஆடுவது ஒரு திறமை; விழக்கூடிய அளவு கடினத்தைத் துணிந்து எடுப்பதும் திறமைதான். இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே மதிப்பிடுகிறார்கள்.

ரஷ்யத் தரப்பு கொதித்தது உண்மை. அதற்கும் காரணம் இருக்கிறது. 2000 சிட்னி முதல் 2016 ரியோ வரை தனிநபர், குழு இரண்டிலும் சேர்த்துப் பத்துத் தங்கங்களும் ரஷ்யாவுக்கே போயிருந்தன. டோக்கியோவில் குழுத் தங்கமும் பல்கேரியாவிடம் போய்விட்டது. ஆனால் தினாவை நினைத்தால் மனசு கஷ்டப்படத்தான் செய்கிறது. மூன்று முறை உலகச் சாம்பியன், ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் கிடாக்யூஷூவுக்குப் போய் நான்காவது முறையாக உலகப் பட்டம் வென்றார். அழுது ஓய்ந்த இரண்டு மாதத்தில் மறுபடி களத்தில் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

களத்தை விட்டுக் கருவி உருண்டோடிப் போய்விட்டால் ஓடிப் போய் எடுத்து வரத்தான் வேண்டுமா? — கல்லூரி மாணவி, மதுரை

களம் 13 மீட்டருக்கு 13 மீட்டர் சதுரம். அதன் ஓரத்தில் மாற்றுக் கருவிகளை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். வெளியே போனதை விட்டுவிட்டு அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒன்றேகால் முதல் ஒன்றரை நிமிடம் வரைதான் ஆட்டம், பாட்டோ நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். விழுந்த இடத்திலிருந்து பாட்டைப் பிடித்து, எந்த அசைவை விடுவது, எதில் போய்ச் சேர்வது என்று ஓடும்போதே முடிவு செய்ய வேண்டும். நான் ஒரு வீராங்கனையை எடை போடுவது அந்த நேரத்தில்தான்.

சிட்னி 2000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலினா கபாயேவா முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன், தங்கம் அவருக்கே என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். அவருடைய வளையம் கை தவறி உருண்டு களத்தை விட்டே போய்விட்டது. துரத்திக்கொண்டு ஓடினார். கிடைத்தது வெண்கலம். தங்கம் இன்னொரு ரஷ்ய வீராங்கனையான யூலியா பர்சுகோவாவுக்கு, வெள்ளி பெலாரஸின் யூலியா ரஸ்கினாவுக்கு. நான்கு ஆண்டு காத்திருந்து ஏதென்ஸில் கபாயேவா தங்கத்தை வாங்கினார்.

இதைவிடக் கொடுமை 1988 சியோல். பல்கேரியாவின் பியாங்கா பனோவா முந்தைய ஆண்டு வர்ணா உலகப் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் முழுப் பத்து வாங்கியவர். சியோலில் தகுதிச் சுற்றில் ஒரே ஒரு கிளப் கை நழுவியது. அப்போதைய விதிப்படி தகுதிச் சுற்று மதிப்பெண்ணில் ஒரு பங்கு இறுதிச் சுற்றுக்கும் கூடவே வந்தது. தங்கம் வென்ற சோவியத் வீராங்கனை மரீனா லோபாச் 60-க்கு 60. அப்படிப்பட்ட போட்டியில் ஒரு நழுவலுக்குப் பிறகு எங்கே போய் எட்டிப் பிடிப்பது? பனோவா நான்காம் இடம். இன்றைய கணக்கில் விழுந்தாலும் மீண்டு வர வழி இருக்கிறது. அன்று இல்லை. இந்த மாற்றம் நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு கட்டைகளைச் சுழற்றுகிறார்களே, நம் கர்லாக்கட்டை போலவே இருக்கிறது. சம்பந்தம் உண்டா? — வாசகர், சேலம்

உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் இங்கே கட்டை சுழற்றும் பயிற்சியைப் பார்த்து அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போனார்கள். ‘இந்தியன் கிளப்’ என்ற பெயரிலேயே அது ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்ஸில் ஆண்களுக்குக் கட்டை சுழற்றும் போட்டியே இருந்தது. நம் ஊர்க் கர்லாக்கட்டை தோளை உடைக்கும் கனம். ரிதமிக் கிளப் ஒவ்வொன்றும் 150 கிராம்தான் இருந்தால் போதும், நீளம் 40 முதல் 50 சென்டிமீட்டர்.

ரிப்பனுக்கு ஏசி ஆகாதாமே, உண்மையா? — வாசகி, கோவை

உண்மைதான். பெரியவர்கள் பிரிவில் ரிப்பன் 6 மீட்டர் நீளம். எடை குறைந்தபட்சம் 35 கிராம். அவ்வளவு நீளத் துணியை அவ்வளவு லேசாக வைத்துக்கொண்டு, ஒரு மெல்லிய குச்சியின் நுனியால் ஆள வேண்டும். அரங்கில் ஏசி காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் கொடியில் காயும் தாவணி மாதிரி அது தன் போக்குக்குப் போகும்.

ஒரு பயிற்சிக் கூடத்தில் அதைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். வேலை முழுக்க மணிக்கட்டில். சுருள் போடும்போது வளையங்கள் நெருக்கமாக, ஒரே அளவில் வர வேண்டும். ரிப்பனின் வால் நுனி வரைக்கும் அந்த அசைவு போய்ச் சேர வேண்டும். ஒரு கணம் கை தயங்கினால் நடுப்பகுதி தொய்ந்து தன் மேலேயே விழும். அடுத்த சுழற்றலில் அது முடிச்சு. முடிச்சு விழுந்தால் நின்று அவிழ்க்க வேண்டும், அல்லது மாற்று ரிப்பனுக்கு ஓட வேண்டும். இரண்டிலும் மதிப்பெண் போகும். இவ்வளவையும் ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே செய்கிறார்கள். நான்கு கருவிகளில் பெரும்பாலும் ரிப்பனுக்குத்தான் மதிப்பெண் குறைவாக வரும். ஏன் என்று புரிகிறதா?

ஆண்களுக்கு ஏன் இல்லை? — பள்ளி மாணவன், நாகர்கோவில்

ஒலிம்பிக்ஸில் 1984 முதல் பெண்களுக்கு மட்டும்தான். ஆனால் ஜப்பானில் ஆண்கள் ரிதமிக் பல காலமாக இருக்கிறது. அவர்கள் பாணி வேறு: ஆறு பையன்கள் ஒரே மூச்சில் பல்டி அடிக்கும் குழு ஆட்டத்தைப் பார்த்தால் விட மாட்டாய். ஒலிம்பிக்ஸிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

ரியோவில் தங்கம் வென்ற ரஷ்யப் பெண் வங்காளதேசத்துக்காரர் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா? — வாசகர், புதுச்சேரி

பாதி சரி. மார்கரீட்டா மாமுன் பிறந்தது மாஸ்கோவில், 1995-இல். அப்பா அப்துல்லா அல் மாமுன் வங்காளதேசத்தின் ராஜஷாஹியைச் சேர்ந்தவர், கப்பல் பொறியாளர். அம்மா ரஷ்யர், அவரே முன்னாள் ரிதமிக் வீராங்கனை. சிறு வயதில் கொஞ்ச காலம் மார்கரீட்டா வங்காளதேசத்துக்காகவே ஆடியிருக்கிறார். ரஷ்ய அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் இரினா வீனர் அவருக்கு வைத்த பெயர் ‘வங்கப் புலி’.

ரியோவுக்கு வரும்போது அவர் இரண்டாம் இடத்துக்குப் பழகிப்போனவர். அணித்தோழி யானா குத்ரியாவ்த்சேவா 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டும் உலகச் சாம்பியன். அதில் கடைசி இரண்டிலும் மார்கரீட்டாவுக்கு வெள்ளி. ரியோ இறுதிச் சுற்றிலும் பாதி ஆட்டம் வரை யானாதான் முன்னால். மூன்றாவதாகக் கிளப். ஒரு தவறும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடியும் கடைசி நொடியில், முடிவுப் பிடியில், ஒரு கட்டை கீழே விழுந்தது. எழுந்து எடுத்துச் சரிசெய்ய நேரமே இல்லை. பாட்டு முடிந்துவிட்டது. விழுந்த பிறகு மீண்டு வருவதைப் பற்றி மேலே அவ்வளவு எழுதினேனே, யானாவுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. மார்கரீட்டா 76.483, யானா 75.608.

மார்கரீட்டாவின் அப்பா அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். மகள் தங்கம் வாங்கி ஒரு வாரம் ஆவதற்குள் அவர் இறந்துபோனார். அந்த நான்கு ஆட்டங்களையும் மறுபடி பார்த்தால், அந்தப் பெண் மனதில் என்ன சுமந்துகொண்டு ஆடினார் என்று முகத்தில் துளியும் தெரியாது.

என் மகளுக்கு ஏழு வயது. உடம்பு நன்றாக வளைகிறது. சேர்க்கலாமா? நம் நாட்டில் இதற்கு எதிர்காலம் உண்டா? — ஒரு தாய், சென்னை

சேர்க்கலாம். ஆனால் சில விஷயங்களைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

முதலில் ஒன்று. தீபா கர்மாகர் ரியோவில் நான்காம் இடம் வந்தது ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில், அதாவது தாவுமேடை, கம்பி எல்லாம் உள்ள வேறு பிரிவில். பல அகாடமிகளில் இரண்டையும் கலந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். ரிதமிக் பயிற்சியாளர் தனியாக இருக்கிறாரா என்று கேளுங்கள். கூரையையும் பாருங்கள். தாழ்ந்த கூரைக்குக் கீழே வளையத்தையும் பந்தையும் எப்படி உயர வீசிப் பழகுவது? இந்தியாவில் போட்டியாளர்கள் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தின் மேகனா ரெட்டி 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிக்குப் போனார். ஜம்முவின் பவ்லீன் கவுர் 2022 பர்மிங்ஹாமுக்குப் போனார். பெரியவர்கள் பிரிவில் ஆட 16 வயதாகும் ஆண்டு வர வேண்டும். ஆகவே உங்களுக்கு அவசரமே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். 2022-இல் இத்தாலிய தேசிய அணியின் முன்னாள் வீராங்கனைகள் வெளியே வந்து பேசினார்கள்: எடைக்காக எப்படி அவமானப்படுத்தப்பட்டார்கள், சாப்பிடவே எப்படிப் பயந்தார்கள் என்று. உலகத்தின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்றில் இது நடந்ததாகச் சொல்கிறார்கள் என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும். பயிற்சிக் கூடத்தில் எல்லார் முன்னாலும் குழந்தையை எடை பார்த்துத் திட்டினால், அல்லது அழ அழக் காலை அமுக்கிப் பிரித்தால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். பெற்றோரை உள்ளே உட்கார விடாத இடம் வேண்டவே வேண்டாம்.

இப்போது யாருடைய ஆட்டத்தைப் பார்க்கலாம்? — வாசகி, தஞ்சாவூர்

தார்யா வர்ஃபோலமேயெவில் தொடங்குங்கள். சைபீரியாவின் பர்னாவுலில் பிறந்து, 12 வயதில் ஜெர்மனிக்குப் போனவர். 2023 வாலென்சியா உலகப் போட்டியில் தனிநபர் தங்கம் ஐந்தையும் (நான்கு கருவிகளுக்கும் தனித்தனியாக, மொத்தத்துக்கு ஒன்று) வென்றபோது வயது 16. பாரிஸில் ஒலிம்பிக் தங்கம். ரிதமிக்கில் ஜெர்மனிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். ஸ்டட்கார்ட் பக்கத்தில் ஷ்மிடென் என்ற ஊரில் பயிற்சி. பயிற்சியாளர் யார் தெரியுமா? கபாயேவாவின் வளையம் உருண்டோடிய சிட்னியில் வெள்ளி வாங்கினாரே, அதே யூலியா ரஸ்கினா. தார்யாவின் பந்து ஆட்டத்தைப் பாருங்கள். பந்து கையில் ஒட்டாது, கை அதைப் பிடிக்கவும் செய்யாது, உள்ளங்கையிலேயே தங்கி நிற்கும்.

அடுத்து பல்கேரியாவின் ஸ்டிலியானா நிகோலோவா. பாரிஸில் பதக்கம் நிச்சயம் என்று பேசப்பட்டவர், தகுதிச் சுற்றில் தவறுகள் செய்து 11-ஆம் இடத்தில் நின்றார். இறுதிக்குப் போனவர்கள் 10 பேர். ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகப் போட்டியில் தார்யாவுக்கு அடுத்து வெள்ளி வாங்கினார். வெண்கலம் இத்தாலியின் சோஃபியா ரஃபாயேலிக்கு, பாரிஸ் போலவே. அந்த மூன்று பேரும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் வரை ஆட வேண்டும் என்பது என் விருப்பம்.