வறட்சியில் காபிச் செடியும் வட்ட ஆர்என்ஏவும்: கேள்வி பதில்

ஆர்என்ஏ என்பது மரபணுவைப் பார்த்துச் செல் எழுதும் நகல். அதில் முனை சேர்ந்து வளையமானதுதான் வட்ட ஆர்என்ஏ. அதைக் காபியில் ஆராயும் பெண் ஆய்வாளர் ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஏற்காடு காபித் தோட்டக்காரர்: பூமழை (காபியைப் பூக்க வைக்கும் மழை) தள்ளிப்போனால் அராபிகா வாடிவிடுகிறது. இந்த வட்ட ஆர்என்ஏவால் எனக்கு இப்போது ஏதும் பயன் உண்டா மேடம்?

இப்போதைக்கு இல்லை ஐயா. இதிலிருந்து தெளிக்கிற மருந்து எதுவும் தோட்டத்துக்கு வரவில்லை. சில்வர் ஓக் நிழலை அளவோடு கழிப்பது, மூடாக்கு, மொட்டுப் பருவத்தில் ஸ்பிரிங்ளர் தண்ணீர், இவைதான் உங்கள் கையில் இருப்பவை. வறட்சி தாங்கும் ரகத்தைக் கன்றிலேயே அடையாளம் காண இது உதவலாம் என்று எதிர்பார்க்கிறோம்; அதற்கு முதலில் நம்பும்படியான அளவீடு வேண்டும்.

சேலம் இளங்கலை மாணவர்: சாதாரண ஆர்என்ஏவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் அக்கா?

எக்ஸானின் (மரபணு நகலில் கடைசிவரை தங்கும் துண்டு) வால் அடுத்த எக்ஸானோடு சேராமல், பின்னால் திரும்பித் தன் தலையோடோ முந்தைய எக்ஸானின் தலையோடோ ஒட்டிக்கொள்ளும். முனையே இல்லாததால் முனையிலிருந்து தின்னும் நொதிகளால் கடிக்க முடியாது, நீண்ட நேரம் நிற்கும். நெல்லில் பாஸ்பேட் பற்றாக்குறையிலும், தக்காளியில் குளிரிலும், கோதுமையில் நீரிழப்பிலும் சில வட்டங்களின் அளவு மாறுவது பதிவாகியிருக்கிறது.

முதுகலை மாணவி: ஏற்காட்டில் இலை பறித்துச் சேலம் வருவதற்குள் ஆர்என்ஏ சிதைகிறது. என்ன செய்ய?

பறித்த அரை நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனில் போடுங்கள் தங்கச்சி. எல்லாச் செடியிலும் நுனியிலிருந்து மூன்றாவது ஜோடி இலை, ஒரே மணி நேரத்தில். காலை ஒன்று, மதியம் ஒன்று என்று பறித்தால் நாள்சுழற்சி மாற்றத்தை வறட்சி என்று எண்ணிவிடுவீர்கள். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும்போது நைட்ரஜன் குடுவையை இறுக மூடாதீர்கள். வண்டிக் கண்ணாடி திறந்தே இருக்கட்டும்.

காபி இலையில் பீனாலிக் பொருள் அதிகம், பிரித்தெடுப்பில் அதுதான் எதிரி. 100 மில்லிகிராம் பொடிக்கு 1 மில்லிலிட்டர் சிடிஏபி கரைசல் (சிடிஏபி என்ற சோப்பு போன்ற பொருள் 2%, பீனாலைப் பிடிக்கும் பிவிபி 2%, உப்பு 2 மோலார்), அப்போதே சேர்த்த பீட்டா மெர்காப்டோ எத்தனால் 2%. 65 டிகிரியில் 10 நிமிடம், குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 இரண்டு தடவை, பிறகு லித்தியம் குளோரைடு 2 மோலார் வரும்படி சேர்த்து 4 டிகிரியில் இரவு முழுக்க. படிவு பழுப்பாக இருந்தால் பீனால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, அந்தக் குழாயைக் கழித்துவிடுங்கள். 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்த வட்டங்கள் லித்தியத்தில் நழுவிப்போகும். அவை வேண்டுமென்றால் ஐசோபுரொப்பனால்.

அதே மாணவி: பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பாலி-ஏ நூலகத் தரவில் (பாலி-ஏ வால் உள்ள ஆர்என்ஏவை மட்டும் பிடித்து வரிசை பார்த்தது) வட்டத்தைத் தேடலாமா?

வேண்டாம். வட்டத்துக்குப் பாலி-ஏ வால் இல்லை, அந்த நூலகத்தில் அது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ரைபோசோம் ஆர்என்ஏ நீக்கிய தரவை எடுங்கள்.

ஆய்வு மாணவர்: ஆர்என்ஏஸ் ஆர் (நேர்கோட்டு ஆர்என்ஏவைத் தின்னும் நொதி) கொடுத்த பிறகும் ஜெல்லில் பட்டை வருகிறது. அது வட்டம்தானே?

அது மட்டும் போதாது தம்பி. 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 3 யூனிட் நொதி, 37 டிகிரி, 15 நிமிடம். பக்கத்திலேயே நொதி இல்லாத குழாயும் அதே சூட்டில் இருக்கட்டும். ஆக்டின் போன்ற நேர்கோட்டு ஆர்என்ஏ நன்றாக விழுந்ததா என்று முதலில் பாருங்கள். மடிந்து இறுகிய சில நேர்கோட்டு ஆர்என்ஏக்கள் நொதிக்குப் பிடி கொடுக்காமல் தப்பும். பொட்டாசியத்துக்குப் பதில் லித்தியம் உள்ள பஃபர் அதில் ஒரு பகுதியைத் தீர்க்கும்.

அடுத்து எதிர்த்திசை பிரைமர்: ஒன்றுக்கொன்று முதுகு காட்டும் இரண்டு சிறு டிஎன்ஏ துண்டு, வட்டத்தில்தான் அவற்றுக்கிடையே நகல் உண்டாகும். சிடிஎன்ஏவில் (ஆர்என்ஏவைப் பார்த்து எழுதிய டிஎன்ஏ) பட்டை வர வேண்டும், ஜீனோம் டிஎன்ஏவில் வரக்கூடாது. சிடிஎன்ஏவை ரேண்டம் ஹெக்சாமரில் (எங்கும் ஒட்டும் ஆறெழுத்து பிரைமர்) செய்யுங்கள். பட்டையை வெட்டி சாங்கர் வரிசை பார்த்து, இணைப்பிடம் எக்ஸான் விளிம்பில் சரியாக விழுகிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். சிடிஎன்ஏ எழுதும் நொதி ஓர் ஆர்என்ஏவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும் பொய் இணைப்பு வரும், ஆகவே வேறு நிறுவன நொதியிலும் ஒரு தடவை. அராபிகா இரண்டு இனங்களின் ஜீனோம் சேர்ந்த நான்மடியம். பிரைமர் எந்தத் துணை ஜீனோமைப் பிடிக்கிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியை: வட்டத்தை, மைக்ரோ ஆர்என்ஏவை (மற்ற ஆர்என்ஏவை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) உறிஞ்சும் ஸ்பாஞ்ச் என்று எழுதலாமா?

மென்பொருள் காட்டும் பொருத்தத்தை மட்டும் வைத்து எழுதாதீர்கள் மேடம். தாவரத்தில் மைக்ரோ ஆர்என்ஏ முழுமையாகப் பொருந்தினால் இலக்கையே வெட்டிவிடும். பாஸ்பேட் பற்றாக்குறையில் மைக்ரோ ஆர்என்ஏ 399ஐப் பிடித்துவைக்கும் ஐபிஎஸ்1 என்ற நேர்கோட்டு ஆர்என்ஏ, வெட்டுமிடத்துக்கு எதிரே மூன்று எழுத்துப் புடைப்பு இருப்பதால்தான் தப்புகிறது. உங்கள் வட்டத்தில் அப்படிப் புடைப்பு உண்டா? வேறு வழியிலும் வட்டம் வேலை செய்யும்: அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் செபல்லாட்டா3 மரபணுவின் வட்டம் தன் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு ஸ்ப்ளைசிங்கை (எக்ஸான்களைக் கோக்கும் வேலையை) மாற்றுவது 2017இல் காட்டப்பட்டது.

ஆய்வு மாணவர்: வறட்சியில் வட்டம் இரண்டு மடங்கு. அது செடியைக் காக்கிறது என்று சொல்லலாமா?

இல்லை. வறட்சியில் மரபணு வாசிப்பு நின்றால் நேர்கோடு சிதையும், வட்டம் அப்படியே மிஞ்சும். நேர்கோட்டோடு ஒப்பிட்ட வட்டத்தின் விகிதம் தானாக ஏறும். இரண்டையும் தனித்தனி பிரைமரில் அளந்து இரண்டு எண்ணையும் கொடுங்கள். வேலையைக் காட்ட, இணைப்பிடத்தை மட்டும் குறிவைத்து அடக்க வேண்டும், அல்லது வட்டத்தை மிகையாக்கி, அதே வரிசையின் நேர்கோட்டோடு ஒப்பிட வேண்டும். திராட்சையின் ஏடிஎஸ்1 மரபணு வட்டத்தை 2019இல் அராபிடாப்சிஸில் அப்படித்தான் சோதித்தார்கள்: வட்டம் குளிர் தாங்கும் திறனைக் கூட்டியது, நேர்கோடு கூட்டவில்லை. காபியில் மரபணு மாற்றிய கன்று கிடைக்கப் பல மாதம் ஆகும். அதனால் முதல் சோதனையை அராபிடாப்சிஸிலேயே வையுங்கள்.