இயேசுவின் வருகை சமீபம் என்றால் மகளை நர்சிங் சேர்க்க வேண்டாமா?

கேள்வி: கொரோனா காலத்திலிருந்தே என் கணவர் கடைசிக் காலச் செய்திகளை போனில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதிதாக ஏதாவது காய்ச்சல் என்று செய்தி வந்தால், "பார், லூக்கா 21 நிறைவேறுது" என்கிறார். சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கொள்ளைநோயிலிருந்து தேவன் காப்பார் என்கிற 91-ஆம் சங்கீதம் போதுமாம். பிளஸ் டூ முடித்த மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். "வருகை இவ்வளவு சமீபத்தில் இருக்கும்போது நாலு வருஷப் படிப்பு எதுக்கு?" என்று தடுக்கிறார். எனக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. இப்படிப் பயப்படுகிற நான் வருகைக்கு ஆயத்தமில்லாதவளா?
– ஒரு சகோதரி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் மாத்திரை. மற்றதைப் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம், இது பொறுக்காது. இன்றைக்கே அவர் உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால், பெருவிரலுக்கு அடியில் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரை பல நாள் ஏறிக் கிடந்தால் பாதம் மரத்துப்போகும். துறைமுகப் பக்கம் வெறுங்காலில் நடக்கிறவருக்குச் சிப்பி கிழித்தாலும் தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். சின்னக் காயம் இருந்தாலும் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்தான். நிறுத்தின மாத்திரையைப் பழைய அளவில் தானாகத் தொடங்க வேண்டாம், பரிசோதித்துவிட்டு டாக்டர் சொல்கிறபடி தொடங்கட்டும்.

91-ஆம் சங்கீதம் எனக்கும் உயிர். ஆனால் தேவாலயத்து உப்பரிகையில் நின்று அதே சங்கீதத்தைச் சொல்லித்தான் பிசாசு இயேசுவைக் குதிக்கச் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று அவர் மறுத்துவிட்டார். பவுலும் தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். அவனுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று சொல்லிக்கொடுத்தவர் யாராக இருந்தாலும், அவர் உங்கள் வீட்டுக்காரரின் உயிரோடு விளையாடுகிறார். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சரி, லூக்கா 21. கொள்ளைநோய்கள் வரும் என்று ஆண்டவர் சொன்னது 11-ஆம் வசனம். அதற்கு முன்னால் 8-ஆம் வசனத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். "காலம் சமீபித்தது" என்று சொல்லிக்கொண்டு அநேகர் வருவார்கள், அவர்களைப் பின்பற்றாதிருங்கள் என்கிறார். அடுத்த வசனத்திலேயே பயப்படாதிருங்கள், "முடிவு உடனே வராது" என்கிறார். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004-ல் தேவனாம்பட்டினத்தைச் சுனாமி அடித்தபோது இதுதான் முடிவு என்று நினைத்தோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் அடித்தபோதும், 2020 மே மாதம் கொரோனா பரவின சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பினவர்களைக் கண்டு தெருவே பயந்தபோதும் அப்படித்தான் நினைத்தோம். வருகை நிச்சயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டும் தெரியும் என்பதும் அதே அளவு நிச்சயம்.

முடிவு நெருங்கிவிட்டது என்று மனதார நம்பினவர்கள் கொள்ளைநோய் நாட்களில் என்ன செய்தார்கள் என்று உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். 3-ஆம் நூற்றாண்டில் ரோம சாம்ராஜ்யத்தில் பெரிய நோய் பரவியது. கார்த்தேஜ் பட்டணத்துப் பேராயர் சிப்ரியான், உலகம் கிழடாகிவிட்டது, முடிவு பக்கம் என்றே எழுதினார். அதே சிப்ரியான்தான், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தின ஜனங்கள் உட்பட எல்லா நோயாளிகளையும் கவனிக்கும்படி சபையை அனுப்பினார். 1527-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தபோது பல்கலைக்கழகமே வேறு ஊருக்குப் போய்விட்டது. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் போகவில்லை, நோயாளிகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கடைசி நாள் பக்கம் என்று அவரும் உறுதியாக நம்பினவர்தான். ஆனால் மருந்து சாப்பிடுங்கள், வீட்டுக்குப் புகை போடுங்கள், தேவையில்லாத இடத்துக்குப் போய் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்காதீர்கள் என்று விவரமாக எழுதினார். கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தவர்கள் தெசலோனிக்கேயிலும் இருந்தார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதினது அந்தச் சபைக்குத்தான்.

ஆகவே வருகை சமீபம் என்று அவர் நம்பினால், மகளை நர்சிங் சேர்க்க அது ஒன்றே போதுமான காரணம். "எஜமான் வரும்போது அப்படிச் செய்கிறவனாய்க் காணப்படுகிற ஊழியக்காரனே பாக்கியவான்" என்று இயேசு சொன்னாரே, அவர் வரும்போது உங்கள் மகள் ஒரு வார்டில் யாருக்கோ டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல ஆயத்தம் எனக்குத் தெரியவில்லை. நமக்குப் பக்கத்துத் திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனெரியின் மகள் ஐடா ஸ்கடர் டாக்டரானார். 1909-ல் அவர் வேலூரில் நர்சிங் பயிற்சியும் தொடங்கினார். அந்த மூன்று பெண்களுக்கும் அன்றைக்குத் தேவைப்பட்டது ஜெபம் மட்டும் இல்லையே.

உங்கள் பயத்தைப் பற்றி. பயம் வருவதால் நீங்கள் தள்ளப்பட்டவர் ஆகிவிடவில்லை, அதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லுங்கள். அப்புறம், ராத்திரி ஜெபம் முடிந்தபின் அந்த போன் படுக்கையறைக்குள் வர வேண்டாம். அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். குடும்ப ஜெபத்தில் மத்தேயு 25-ஐ மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அசையவில்லை என்றால் அவர் மதிக்கிற ஒரு மூத்தவரையோ உங்கள் போதகரையோ வீட்டுக்கு அழையுங்கள். இதற்கிடையில் விண்ணப்பத் தேதியைத் தவறவிடாதீர்கள். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கைக்கு வரச் சில நாள் பிடிக்கும், இந்த வாரமே போய்க் கொடுத்துவிடுங்கள்.