டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' மறுபதிப்பு: வாங்குமுன் சில கேள்விகள்

அமெரிக்க ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி 1964-ல் ஒலிப்பதிவு செய்த 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்தை ப்ளூ நோட் நிறுவனம் தன் 'கிளாசிக் வினைல்' வரிசையில் மறுபடி வெளியிட்டிருக்கிறது. அசல் அனலாக் டேப்பிலிருந்து கெவின் கிரே மாஸ்டரிங் செய்த (தட்டில் வெட்டுவதற்கு ஏற்ப ஒலியைச் சீர்செய்த) 180 கிராம் இசைத்தட்டு. பல வருடமாக நான் விடாமல் கேட்டுவரும் ஆல்பம் இது. இதுபற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இதோ.

கேள்வி: சார், ஜாஸ் எனக்குப் புதிது. முதல் பாட்டிலேயே தலைகால் புரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் வாசிப்பதுபோல் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: தாளம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். 'ஹேட் அண்ட் பியர்ட்' என்ற அந்த முதல் பாட்டு, பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கை நினைத்து எழுதியது. தொப்பியும் தாடியும் அவருடையவை. மற்ற வாத்தியங்களை விட்டுவிட்டு ரிச்சர்ட் டேவிஸின் பேஸை (தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தும் நான்குமாக ஒன்பது எண்ணிக்கை வரும். சங்கீர்ணம் பழகிய காதுக்கு இது பெரிய விஷயமில்லை. எண்ணிக்கை கைக்கு வந்ததும், ஆளுக்கொரு பக்கம் போகிறவர்கள் எல்லோரும் ஒரே கணக்கில்தான் போகிறார்கள் என்பது தெரியும்.

இன்னொன்று, இதில் பியானோ கிடையாது. அந்த இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம். இரண்டு மூன்று சுரங்களைத் தட்டிவிட்டு, அவை தானாக அடங்கும்வரை காத்திருப்பார். டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ். அப்போது அவருக்கு வயது 18. அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் விடுவார், அந்த வெற்றிடம் நம்மை எண்ண வைக்கும். நல்ல மறுபதிப்புக்குப் பணம் கொடுப்பதே இந்த இடைவெளிகளைக் கேட்கத்தான். தட்டில் இரைச்சல் இருந்தால் முதலில் அடிபடுவது அவைதான்.

கேள்வி: 1964 அசல் பதிப்பு ஒன்று விலைக்கு வருகிறது. புதியதைவிட அது நன்றாக இருக்குமா? அசல்தான் என்று எப்படி அறிவது?

பதில்: பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். ஒலிப்பதிவாளர் பெயரான 'வான் கெல்டர்' முத்திரை இருக்க வேண்டும். கூடவே, தட்டு அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் சாய்ந்த ஆங்கில 'P' எழுத்தும் இருக்க வேண்டும். காது வரைந்ததுபோல் இருப்பதால் சேகரிப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்வார்கள்.

ஒலி? நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில், 39 அடி உயரக் கூரையுள்ள தன் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தவர் ரூடி வான் கெல்டர். டேப்பிலிருந்து தட்டின் பள்ளங்களை வெட்டியவரும் அவரேதான். அன்றைய சாதாரண பிளேயர்களில் ஊசி குதிக்கக் கூடாதே என்று பேஸ் போன்ற தாழ்ந்த ஒலிகளைக் கொஞ்சம் அடக்கித்தான் வெட்டுவார். அதனால் அசலில் ட்ரம்பெட்டும் சாக்ஸும் முகத்துக்கு நேரே வரும், பேஸ் சற்றுப் பின்தங்கும். புதியதில் பேஸ் முழுசாக இருக்கிறது. என் ஓட்டு புதியதற்கே. அசலை வாங்குவதென்றால் அதன் சரித்திரத்துக்காக வாங்குங்கள்.

கேள்வி: மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிப்பைத் தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலகட்டத்து ப்ளூ நோட் மோனோ தனியாகப் பதிவானதல்ல, ஸ்டீரியோ டேப்பின் இரண்டு தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்தது.

கேள்வி: 180 கிராம் என்பதால் ஒலி கூடுமா?

பதில்: கூடாது. எந்த டேப், யார் வெட்டியது, ஆலை எவ்வளவு கவனமாக அச்சிட்டது, இவைதான் கணக்கு.

கேள்வி: அண்ணா, முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'கஸெல்லோனி'யில் புல்லாங்குழல் கரகரக்கிறது. தட்டில் கோளாறா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி. வெளி ஓரத்தில் அந்த நேரத்துக்குள் ஊசி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே லேபிள் பக்கம் வந்தால் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. அதே அளவு இசையை அந்தக் குறுகிய நீளத்துக்குள் நெருக்கி வெட்ட வேண்டியிருக்கிறது. 22 நிமிடப் பக்கத்தின் கடைசியில், அதுவும் உச்சஸ்தாயியில் புல்லாங்குழல் வந்தால் ஊசிக்குத் திண்டாட்டம்தான்.

எனக்கும் இதே பாட்டில் இதே கரகரப்பு வந்தது. தட்டைத்தான் சந்தேகப்பட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஊசி முனையில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு தூசி உருண்டை. மென்மையான பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை இழுத்ததும் குழல் தெளிந்துவிட்டது. முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு ஊசி அழுத்தத்தைத் தராசு வைத்துப் பாருங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) என்றால் 2 கிராம். அதன் கோணத்தையும் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால் முனை இன்னும் மெல்லிய மைக்ரோலைன் ஊசிக்கு மாறலாம்.

கேள்வி: கடலோர ஊரில் இருக்கிறேன். அட்டைகளில் பூஞ்சை வருகிறது.

பதில்: கண்ணாடிக் காகிதம்போல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கிழித்து எறியுங்கள், ஈரம் அதற்குள்தான் தங்கும். மழைத்தண்ணீர் படும் வெளிச்சுவரில் அலமாரியை ஒட்டி வைக்காதீர்கள். தட்டுகளை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள்.

கேள்வி: அட்டையில் ஏன் கடிகாரம்?

பதில்: ரீட் மைல்ஸின் வடிவமைப்பு. 'திரும்பி வருவேன்' என்று கடைக்கதவில் தொங்கும் பலகை அது. கடிகாரத்தில் இரண்டு முள்ளுக்குப் பதில் பல முட்கள், எப்போது வருவார் என்று சொல்லவே முடியாது. ஒலிப்பதிவு நடந்தது பிப்ரவரி 25. அதன்பின் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் குழுவோடு ஐரோப்பா போன டால்ஃபி அங்கேயே தங்கிவிட்டார். ஜூன் 29 அன்று பெர்லினில், நீரிழிவு மயக்கத்தில் இறந்தார். 36 வயது. தட்டு வெளிவந்தது அதற்கப்புறம்தான். அட்டையைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு பிசைகிறது.

கேள்வி: கடையில் போட்டுக் கேட்டுப் பார்க்க ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

பதில்: 'சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்'. டேவிஸ் வில் போட்டு இழுக்கும் பேஸும் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடத்துக்குக் காத்திருங்கள். வில் கம்பியை உரசும் சொரசொரப்பு தனியாகவும் மரத்துக்குள் போகும் மூச்சு தனியாகவும் கேட்டால், பணம் கொடுத்துத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.