சேர்ந்த பிறகு ஆய்வுத் துறையை மாற்றலாமா?

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கி, பிஎச்.டி.க்குத் தேர்வாகிவிட்டேன். நேர்காணலில் ஒளிவினையூக்கிகளில் (ஒளி பட்டால் வேதிவினையை வேகப்படுத்தும் பொருட்கள்) ஆய்வு செய்வதாகச் சொன்னேன். இப்போது மனம் முழுக்க சோடியம் அயனி பேட்டரி பக்கம் போய்விட்டது. நெறியாளரிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பயப்படாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிகளில், ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துத் தலைப்பை முடிவு செய்வது ஆய்வு ஆலோசனைக் குழுதான். டாக்டரல் கமிட்டி என்று நம் பக்கம் சொல்வார்களே, அதுதான். ஆகவே தலைப்பு பதிவாகும் முன், கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முந்தைய பாடங்கள்) நடக்கும் மாதங்களிலேயே பேசிவிடுங்கள். பிறகு கேட்டால் கோப்பு மேசை மேசையாகச் சுற்றும். உதவித்தொகை மொத்தமே ஐந்து ஆண்டு. அந்தக் காலமும் கரையும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. நெட் மூலம் வரும் மாதம் 37,000 ரூபாய் உங்கள் பெயருக்கு வருவது. நெறியாளரின் புராஜெக்டிலும் ‘ஜே.ஆர்.எஃப்.’ என்றே ஒரு பதவி உண்டு. அது அந்த புராஜெக்டின் வேலைக்காகவே தரும் பணம். அதை வாங்கிக்கொண்டு வேறு வேலை செய்ய முடியாது. நியமனக் கடிதத்தை எடுத்து எது என்று பாருங்கள்.

அடுத்தது ஆய்வகம். பலர் சறுக்குவது இங்கேதான். வழக்கமான சோடியம் அயனி செல்லை மூட ஆர்கான் வாயு நிரப்பிய குளோவ் பாக்ஸ் (கையுறை வழியாக உள்ளே வேலை செய்யும் மூடிய பெட்டி) வேண்டும். உள்ளே ஈரமும் ஆக்ஸிஜனும் 1 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும். காயின் செல்லை அழுத்தி மூடும் கிரிம்பர், செல்லைத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றி இறக்கிச் சோதிக்கும் பேட்டரி சைக்கிளர் வேறு. ஒளிவினையூக்கி ஆய்வகத்தில் இவற்றை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. பேட்டரியின் எலெக்ட்ரோடுக்கான சோடியம் மாங்கனீசு ஆக்சைடை அங்கிருக்கும் மஃபிள் ஃபர்னஸ் என்னும் மின் உலையிலேயே 800 முதல் 900 டிகிரி செல்சியஸில் தயாரிக்கலாம். அந்தச் சூட்டில் சோடியம் கொஞ்சம் ஆவியாகும் என்பதால் சோடியம் கார்பனேட்டை 5 முதல் 10 சதவீதம் கூட்டிப் போடுங்கள். சோடியம் சல்பேட் நீர்க்கரைசலில், மூன்று எலெக்ட்ரோடு வைத்து, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டில் சோதிக்கலாம். குளோவ் பாக்ஸ் தேவையில்லை. நீர் பிரிந்துவிடும் என்பதால் மின்னழுத்தத்தை அதிகம் ஏற்ற முடியாது. முதல் ஆண்டுத் தரவுக்கு அது போதும்.

இதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: ஆய்வுக் கேள்வி, படித்த பத்துக் கட்டுரைகள், எந்தக் கருவி இருக்கிறது, எது இல்லை. எடுத்துக்கொண்டு நேரில் போய் முதலில் உங்கள் நெறியாளரிடமே பேசுங்கள். வேறு பேராசிரியரிடம் முன்னதாகப் பேசினால் அந்தச் செய்தி நெறியாளர் காதுக்குப் போய்ச் சேரும். அப்புறம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.

அவர் மறுத்தால், நெறியாளர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நேரத்தில் பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 பிஎச்.டி. மாணவர்கள்தான் வரம்பு. ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் புதிய மாணவர்களைச் சேர்க்க முடியாது. புதிய நெறியாளரிடம் காலியிடம் உண்டா, ஓய்வு எப்போது என்று ஆய்வுப் பிரிவில் கேட்டுவிட்டே விண்ணப்பம் கொடுங்கள்.