எத்தனை முறை ஜெயித்தார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் நீலகிரியில் பந்தலூர் பக்கம், கோவையில் வேலை. நெடுங்காலம் எங்கள் எம்.எல்.ஏ.வாக இருந்த பெரியவருக்கு எண்பது வயது நிறைவதால் மலர் போடுகிறார்கள். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பிறப்பிலிருந்து தொடங்குவதா, முதல் தேர்தலிலிருந்தா? நடுவில் கட்சி மாறியதை எழுதலாமா? யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கல்யாணம், இழவு ஒன்றையும் விட்டதில்லை. ஜனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எங்கிருந்து தொடங்கினாலும் சரி. கட்சி மாறியதை எழுதுங்கள், ஊருக்கே தெரிந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது. எத்தனை முறை ஜெயித்தார் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுங்கள். கலைஞர் 1957 முதல் 2016 வரை 13 முறை நின்று ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பழனி மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்தில் சக்கரபாணி 1996 தொடங்கி 2021 வரை ஆறு தேர்தலிலும் ஜெயித்திருக்கிறார். எண்ணிக்கையில் போட்டி போட்டால் உங்கள் பெரியவர் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிலே. போன மாதம் அம்மாவின் தகரப் பெட்டியைக் குடைந்தபோது அப்பா சேர்த்து வைத்திருந்த ஒன்பது கடிதங்கள் கிடைத்தன. எல்லாம் உங்கள் பெரியவரின் லெட்டர்பேடு. ஒன்பதிலும் ஒரே வாக்கியம்: "மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யவும்."

அப்பா சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் கவாத்து வெட்டி, அப்புறம் ஒன்றரை ஏக்கரில் சொந்தமாகத் தேயிலை போட்டவர். அது செக்‌ஷன் 17 நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களை, அதாவது பரம்பரைப் பாத்தியதை நிலங்களை, அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் எங்கள் கூடலூர்ப் பக்கத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதில் 8, 9, 10ஆம் பிரிவுகளில் வந்தவர்களுக்குப் பட்டா. குத்தகைத் தோட்டங்கள் 17-க்குள் போயின, வழக்குகளும் கூடவே போயின. 1972-இல் உச்ச நீதிமன்றம் காடுகளைப் பொறுத்தவரை சட்டம் செல்லாது என்றது. 1974-இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி அதை, நீதிமன்றம் தொடாதபடி சட்டங்களைப் பாதுகாக்கும் ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது. 2007-இல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, 1973-க்குப் பிறகு அந்த அட்டவணைக்குள் போன சட்டங்களையும் நீதிமன்றம் சோதிக்கலாம் என்றார்கள். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் வழக்கு, எங்கள் மலையில் முளைத்தது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. பட்டா இல்லை, அதனால் தடையின்மைச் சான்று இல்லை, அதனால் கரண்ட் இல்லை.

தம்பி, அது டெல்லி போட்ட சட்டம் இல்லை. உங்கள் பெரியவர் உட்கார்ந்திருந்த அதே பேரவை போட்டது. ஆவன செய்யச் சொல்லித் தாசில்தாருக்கு எழுதினாரே, தாசில்தாரால் என்ன ஆகும்? ஆவன செய்ய வேண்டிய இடத்தில் இருந்தவரே இவர்தானே! எதிர்க்கட்சியில் இருந்தார் என்று ஆரம்பிக்காதீர்கள். கேள்வி நேரம் இல்லையா? கவன ஈர்ப்பு, வெட்டுத் தீர்மானம் இல்லையா? மந்திரி அவையில் கொடுத்த வாக்கைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் லீவு போட்டுச் சென்னைக்குப் போங்கள். பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. அவர் இருந்த ஆண்டுகளை எடுத்து, செக்‌ஷன் 17 பற்றி எத்தனை முறை வாய் திறந்தார் என்று எண்ணுங்கள். கேட்டிருந்தால் அந்தக் கேள்வியையும் மந்திரியின் பதிலையும் அப்படியே மலரின் முதல் பக்கத்தில் போடுங்கள். முதல் ஆளாக வந்து நானே பொன்னாடை போர்த்துகிறேன். கேட்கவில்லை என்றால் போய்வந்த இழவு வீடுகளின் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. அப்பா செத்த அன்று ஆடி மழை. ஜீப் ஏறாத மேட்டில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார் மனிதர். அட்டை கடித்துக் கணுக்காலெல்லாம் ரத்தம். நாற்காலி போட்டதற்கு வேண்டாம் என்று எங்களோடு தரையில் உட்கார்ந்தார். அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விளக்கைப் பார்த்து, "ஏம்மா, இங்க இன்னும் கரண்ட் வரலையா?" என்றார்.

பாவனை இல்லை, தெரியாமல்தான் கேட்டார். ஒன்பதாவது கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

பெரியவரைப் பார்க்கப் போகும்போது நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். என்னை ஞாபகம் இருக்காது. அம்மா பெயரைச் சொல்லுங்கள்.