எஸ்.க்யூ.எல். படித்த பி.காம். மாணவி ஆட்டோமேஷன் பக்கம் போகலாமா?

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். மகள் பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) இறுதியாண்டு என்கிறீர்கள். டேலி தெரியும், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்டுத் தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்.லைப் பாடத்தில் படித்திருக்கிறாள். உறவினர் ஒருவர் வந்து, “இனிமே எல்லாம் ஆட்டோமேஷன், ஏஐ. எஸ்.க்யூ.எல். பழைய சரக்கு” என்று சொல்லிவிட்டுப் போக, பயிற்சி மையம் ஒன்று ஃபுல் ஸ்டாக் (இணையதளத்தை முழுசாக உருவாக்கும்) கோர்ஸுக்கு முன்பணம் கேட்க, வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. கட்டலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

உறவினர் சொன்னதில் பாதி சரி. எஸ்.க்யூ.எல். பழையதுதான். 1970-களில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பிறந்து, 1986-ல் அமெரிக்கத் தரநிலை ஆனது. ஆனால் அவர் பெருமையாகச் சொல்லும் அந்த ஆட்டோமேஷன், தரவை எங்கிருந்து எடுக்கும்? உங்கள் ஊரின் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆர்டர், நூல் கொள்முதல், ஜாப் ஒர்க், டெஸ்பேட்ச், பில் எல்லாம் ஈ.ஆர்.பி. என்ற நிர்வாக மென்பொருளில் ஏறுகின்றன. அந்த ஈ.ஆர்.பி.க்குப் பின்னால் பெரும்பாலும் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள் இருக்கும். அலுவலகத்தின் ஏசி அறை மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முதலாளியின் ஒப்புதலோ மெயிலில் நடக்கிறது. நினைவூட்டல் வாட்ஸ்அப்பில், ரிப்போர்ட் எக்ஸெலில். இவற்றுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை காப்பி-பேஸ்ட் செய்துகொண்டிருப்பார்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பவர் ஆட்டோமேட், ஜோஹோ ஃப்ளோ, என்8என், மேக், ஜேப்பியர் போன்ற கருவிகள் வந்திருக்கின்றன. ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று திரையில் கட்டங்களை இழுத்து இணைப்பதுதான் அவற்றின் வேலை. அந்தக் கட்டம் இழுக்கும் வித்தையை ஒரு வாரத்தில் யாரும் பிடித்துக்கொள்ளலாம், சம்பளம் அதற்கில்லை. நிறுவனத்தின் டேட்டாபேஸை அந்தக் கருவியோடு ஒழுங்காக, பத்திரமாக இணைத்து, சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். உங்கள் மகளுக்கு வாய்ப்பு இருப்பதும் அங்கேதான்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கினால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ன் எம்.எஸ்.எம்.இ. சட்டம். தவறினால் அந்தச் செலவை, பணம் உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் ஒரு கிடுக்கிப்பிடி போட்டது. அதிலிருந்து ஆடிட்டர்கள் மார்ச் மாதம் வந்தால் கணக்குப் பிரிவைப் பிடுங்கி எடுக்கிறார்கள். தினமும் காலை 9 மணிக்கு, கெடு நெருங்கும் பில்களின் பட்டியல் அக்கவுன்ட்ஸ் மேனேஜரின் மெயிலுக்குத் தானாக வந்து நின்றால் எப்படி இருக்கும்?

கோடிங் மட்டும் தெரிந்த பையன் இதை ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவான், தப்பாக. பில் தேதியிலிருந்து நாளை எண்ணுவான். சட்டமோ சரக்கை ஏற்றுக்கொண்ட நாளைப் பார்க்கிறது. நடுத்தர நிறுவனங்களையும் பட்டியலில் சேர்த்துவிடுவான், இந்த வரி விதி குறு, சிறு இரண்டுக்கும்தான். சப்ளையர் உற்பத்தியாளரா, வாங்கி விற்கும் வியாபாரியா என்று கேட்கவும் தோன்றாது. பாதிப் பணம் கொடுத்த பில்லை என்ன செய்வது என்று யோசித்திருக்க மாட்டான். உங்கள் மகளுக்கு இதெல்லாம் பாடத்தோடு ஒட்டிய விஷயம். கணக்கும் தெரிந்து எஸ்.க்யூ.எல்.லும் தெரிந்த ஆள் கிடைப்பது நிறுவனங்களுக்கு அத்தனை சுலபமில்லை, ஐயா.

ஏஐ பற்றி ஒரே வரி: டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை (க்வெரி) அது எழுதித் தரும், ஆனால் டேபிளில் இருக்கும் மூன்று தேதிகளில் எது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதி என்பது அதற்குத் தெரியாது.

இனி நான் பேசுவது மகளிடம்.

இந்த உதாரணத்தையே உன் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஆக்கிக்கொள்ளம்மா. எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், அதை உன் லேப்டாப்பில் போடு. சப்ளையர், பில், பேமென்ட் என்று மூன்று டேபிள் போதும். தகவல்களை நீயே கற்பனையாக நிரப்பு. அப்பா வேலை பார்க்கும் இடத்திலிருந்து நிஜ டேட்டாவை பென் டிரைவில் வாங்கிவரும் எண்ணமே வேண்டாம். சப்ளையர் பெயரைத் தமிழிலும் போட்டுப் பார். டேபிளின் அந்தக் காலம் (column) வார்கார் (varchar) வகையாக இருந்தால் ‘முருகன் டெக்ஸ்’ வெறும் கேள்விக்குறிகளாக மாறி நிற்கும். தமிழையும் தாங்கும் என்வார்கார் (nvarchar) ஆக்கினாலும், தகவல் சேர்க்கும் இன்சர்ட் கட்டளை எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில ‘என்’ (N) எழுத்தை விட்டுவிட்டால் மறுபடி அதே கேள்விக்குறிதான்.

பணம் கொடுக்காத பில்லைத் தேடும்போது, பேமென்ட் தேதி ‘ஈக்வல் டு நல்’ (= NULL; ‘நல்’ என்றால் மதிப்பு இல்லாத வெற்றிடம்) என்று எழுதிவிடாதே. ‘இஸ் நல்’ (IS NULL) என்றுதான் எழுத வேண்டும். முதல் வகையில் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது, ஒரு வரியும் வராது. ஃப்ளோ, அதாவது நீ இணைத்து வைத்த ஆட்டோமேஷன், தினமும் பச்சை டிக்கோடு ஓடி முடியும், மெயில் மட்டும் போகாது. பாக்கியே இல்லை என்று மேனேஜர் நிம்மதியாக இருப்பார். சிவப்பில் நிற்கும் பிழையைவிட இந்தப் பச்சை டிக் எவ்வளவோ ஆபத்து.

அடுத்து இணைப்பு. பெரும்பாலானோர் கைவிட்டு ஓடுவது இங்கேதான், அதனால் இங்கே பொறுமையாக இரு. பவர் ஆட்டோமேட் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடில் ஓடுகிறது. உன் லேப்டாப்பில் இருக்கும் டேட்டாபேஸ் அதன் கண்ணுக்குத் தெரியாது. அவசரக்காரர்கள் ரவுட்டரில் 1433 போர்ட்டை (எஸ்.க்யூ.எல். சர்வர் பயன்படுத்தும் வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடுவார்கள். அது வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது. ஆன்-பிரெமிஸஸ் டேட்டா கேட்வே என்று ஒரு மென்பொருள் உண்டு, அதை அலுவலகத்துக்குள் எப்போதும் ஓடும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட வேண்டும். அது உள்ளிருந்து வெளியே மட்டும்தான் தொடர்பு கொள்ளும், வெளியிலிருந்து உள்ளே வர எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. ராத்திரி யாராவது அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டால் காலை மெயில் வராது, அவ்வளவுதான்.

எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி என்ற நெட்வொர்க் இணைப்பு வசதி முதலில் அணைந்தே இருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போய் அதை எனேபிள் செய்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். என்8என் கருவியை டாக்கரில் (மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் வசதி) ஓட்டினால் இன்னொரு குழப்பம் வரும். அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் அந்த கன்டெய்னரையே குறிக்கும், உன் லேப்டாப்பை அல்ல. இந்த மாதிரி சின்ன முடிச்சுகளை அவிழ்த்த அனுபவம் இருந்தால் இன்டர்வியூவில் பேச உனக்கு விஷயம் இருக்கும்.

லாகின் விஷயத்தில் கறாராக இரு. ‘எஸ்ஏ’ என்ற அட்மின் கணக்கைக் கொண்டுபோய் ஃப்ளோவில் கொடுக்காதே. தேவையான காலம்கள் மட்டும் உள்ள ஒரு வியூ (டேபிளின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் ஜன்னல்), அதைப் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு தனி லாகின். பாஸ்வேர்ட் கசிந்தாலும் யாரும் டேபிளை அழிக்க முடியாது.

புது வரி சேர்ந்ததும் ஃப்ளோவைத் தானாகக் கிளப்பும் ட்ரிகர் வேண்டுமென்றால் பவர் ஆட்டோமேட்டுக்கு டேபிளில் ஐடென்டிட்டி (தானாக ஏறும் வரிசை எண்) காலம் இருக்க வேண்டும். திருத்தம் நடந்ததும் ஓட ரோவெர்ஷன் (வரி திருத்தப்படும்போதெல்லாம் தானாக மாறும் எண்) காலம் தேவை. உன் சொந்த டேபிளில் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் ஈ.ஆர்.பி. டேபிளில் கை வைத்தாயோ, ஈ.ஆர்.பி. விற்றவர் “எங்க பொறுப்பு இல்லை” என்று ஒதுங்கிவிடுவார். ஆகவே நேரம் குறித்து ஓட்டும் முறையே நல்லது. எந்த பில்லுக்கு என்றைக்கு மெயில் என்பதை, அனுப்பும் முன்பே, தனியாக ஒரு லாக் டேபிளில் (அந்தத் தனி லாகினுக்கு இந்த ஒன்றில் மட்டும் எழுதும் உரிமை கொடு) எழுதி, ஒரே பில்லுக்கு ஒரே நாளில் இரண்டு பதிவு நுழைய முடியாதபடி யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடு. நெட் போய் ஃப்ளோ மறுபடி ஓடினாலும் மேனேஜருக்கு இரண்டு மெயில் போகாது. நேர மண்டலத்தையும் பார்த்துவிடு. யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 9 மணி என்றால் இங்கே மதியம் 2.30.

செலவு? பவர் ஆட்டோமேட்டில் எஸ்.க்யூ.எல். சர்வர் இணைப்பு பிரீமியம் வகை, சாதாரண ஆபீஸ் லைசென்ஸில் அது சேராது. கற்றுக்கொள்ள டெவலப்பர் பிளான் இலவசமாக உண்டு, ஆனால் ஜிமெயில் போதாது, கல்லூரி மெயில் ஐடி கேட்கும். கல்லூரியில் அது தரவில்லையென்றால் என்8என் எடுத்துக்கொள். சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டக் கட்டணம் இல்லை. டேட்டாபேஸ் அடிப்படை ஆட்டம் கண்டால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் என்.பி.டி.இ.எல். வீடியோ பாடங்கள் இருக்கின்றன, இலவசமாகக் கேட்கலாம்.

மறுபடி அப்பாவுக்கு. இந்த வேலைக்கு ஒரே பெயர் கிடையாது. எம்.ஐ.எஸ். (நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் பிரிவு) எக்ஸிக்யூட்டிவ், இம்ப்ளிமென்டேஷன் எக்ஸிக்யூட்டிவ், ஆட்டோமேஷன் அனலிஸ்ட், பவர் பிளாட்ஃபார்ம் டெவலப்பர் என்று பலவாறு விளம்பரம் வரும். பி.காம். முடித்தவருக்கு முதலில் திறப்பது அநேகமாக எம்.ஐ.எஸ். கதவுதான். தொடக்கச் சம்பளம் உங்கள் உறவினர் வீட்டு இன்ஜினீயரிங் பையன் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கலாம், அதை மறைத்து நான் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. சில இடங்களில் எம்.ஐ.எஸ். என்று எடுத்து இரண்டு வருஷம் எக்ஸெலில் டைப் அடிக்க வைத்துவிடுவார்கள். அதைத் தவிர்க்க இன்டர்வியூவில் அவள் கேட்க வேண்டியது: “டேட்டாபேஸுக்கு எனக்கு ரீட் ஆக்ஸஸ் (படிக்கும் உரிமை) கொடுப்பீங்களா, இல்லை ஐ.டி. ஆளுங்க எக்ஸெலா எடுத்துத் தருவாங்களா?” எக்ஸெல்தான் என்று பதில் வந்தால், வேறு ஆஃபர் கையில் இருக்கும் பட்சத்தில் அந்த இடத்தை விட்டுவிடலாம். கையில் வேறு எதுவும் இல்லையென்றால் சேரட்டும். அங்கே இருக்கும்போதே ஐ.டி. ஆளிடம் ஒரே ஒரு வியூவுக்கு மட்டும் ரீட் ஆக்ஸஸ் கேட்டுப் பார்க்கட்டும். வீட்டில் செய்த ப்ராஜெக்டைத் திறந்து காட்டிவிட்டுக் கேட்டால், கொடுக்க யோசிப்பவரும் கொடுப்பார்.